பிரவுணியை வீட்டுக்குக் கூட்டிவரலாமா?

கேள்வி: டொக்டர் அக்காவுக்கு வணக்கம். நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓர் ஆசிரியை. வீட்டில் நானும் 8 வயது மகனும் கணவரின் அம்மாவும். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார், மார்கழியில் ஒரு மாத லீவில் வருவார். நிலாவெளிப் பக்கம் கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு மகனோடு போயிருந்தேன். அங்கே பிரவுணி என்று ஒரு பெட்டை நாய், மூன்று வயதிருக்குமாம். கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த தழும்பு. யாரோ ஒரு பாவி கம்பியால் கட்டிப் போட்டிருக்கிறான். தடி, விளக்குமாறு, சாரம் கட்டிய ஆம்பிளைகள் என்றால் நடுங்குகிறாள். ஒரு குடும்பம் கூட்டிப்போய் ஒன்பதாம் நாளே திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம், அந்த வீட்டு அண்ணரைக் கடிக்கப் போனாளாம். அவள் முகம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மாமியோ, "வளர்க்கிறதெண்டா ஒரு குட்டியை எடு பிள்ளை, அடிபட்ட நாயை நம்பேலாது" என்கிறா. எனக்கு ஆகஸ்ட் விடுமுறை இருக்கிறது. அப்போது எடுக்கலாமா? மகனைக் கடிப்பாளா? அன்பாக வைத்திருந்தால் பழசை மறந்துவிடுவாளா?

பதில்: தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

பழசை அவள் மறக்க மாட்டாள். இருபத்தைந்து வருடமாக இந்த ஊரில் நாய்களுக்கு ஊசி போடுகிறேன், பயந்த நாய் பயத்தை அடியோடு மறந்து நான் கண்டதில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பழக்கம் முளைக்கும். விளக்குமாறு வந்தால் ஆபத்து என்று படிந்த மனதில், விளக்குமாறு வந்தால் மீன் என்று இன்னொன்றும் படியும். நாளடைவில் இரண்டாவது முந்திக்கொள்ளும். அதை வளர்ப்பதுதான் நம் வேலை. அதற்கு அன்பு வேண்டும்தான். ஆனால் நாங்கள் அன்பைக் கையால் காட்டிப் பழகியவர்கள். தலையைத் தடவுவோம், கட்டிப்பிடிப்போம், மடியில் இழுத்து வைப்போம். பயந்த நாய்க்கு அந்தக் கைதான் பயம். எவ்வளவு கிட்ட வருவது, எப்போது வருவது என்பதை அவளே தீர்மானிக்க விடுங்கள். இந்தப் பதிலில் நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்து வருகிறவைதான்.

எடுக்கலாமா என்றால், எடுங்கள் என்பேன், இரண்டு விஷயம் சரிவந்தால். முந்திய வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். மாமி மனதாரச் சம்மதிக்க வேண்டும்.

முதலில் அந்தத் தழும்பு. நீங்கள் சொல்வதுபோல யாரோ கட்டிப்போட்டதாக இருக்கலாம். ஆனால் தம்பலகாமம், கந்தளாய், குச்சவெளி என்று காட்டோரத்து ஊர்களில் பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் நாய்கள் அகப்படுவதும் வழமை. கழுத்து வட்டமாக அறுந்து வந்த எத்தனையோ நாய்களை நான் தைத்திருக்கிறேன். அவற்றில் சில நல்ல வீட்டில் செல்லமாக வளர்ந்தவை, முயலைத் துரத்திக்கொண்டு போய் மாட்டியவை. தடிக்குப் பயந்தால் தடியால் அடிபட்டிருக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு குட்டி பிறந்த மூன்றாம் கிழமையிலிருந்து ஏறத்தாழ 14ஆம் கிழமை வரைக்கும் எதையெல்லாம் கண்டு கேட்டுப் பழகுகிறதோ, அதுதான் அதற்குச் சாதாரண உலகம். அந்த நாட்களை ஏதோ ஒரு பற்றைக்குள் தாயோடு மட்டும் கழித்த குட்டி, ஒருவரும் கை வைக்காமலே ஆம்பிளைகளுக்குப் பயப்படும், குடைக்குப் பயப்படும், ஹெல்மெட்டுக்குப் பயப்படும்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அவளுக்கு ஒரு பரிதாபக் கதையைக் கட்டிவிட்டால் நாங்கள் அந்தக் கதையைத்தான் பார்ப்போம், முன்னால் நிற்கிற நாயைப் பார்க்க மாட்டோம். அவள் இன்றைக்கு உடம்பால் சொல்வதைப் படிக்கப் பழகுங்கள். தூக்கமே இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவாள். தின்ன ஒன்றும் இல்லாதபோது மூக்கை நக்குவாள். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் உருட்டும்போது வெள்ளை விழி பிறை மாதிரித் தெரியும். ஒரு முன்காலை லேசாகத் தூக்கிவைப்பாள். இவையெல்லாம் 'எனக்கு இது கஷ்டமாயிருக்கு, கொஞ்சம் விலகுங்கோ' என்று அவள் மரியாதையாகக் கேட்பது. அதற்கும் நாங்கள் விலகாவிட்டால் உடம்பு விறைத்து அப்படியே நிற்பாள். அதுதான் மிகவும் கவனிக்க வேண்டிய கட்டம். அதற்குப் பிறகு உறுமல், அதற்குப் பிறகுதான் பல். வால் ஆட்டினால் சந்தோசம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உடம்பு முழுக்க வளைந்து நெளிந்து ஆடுகிற வால் வேறு, உடம்பு கட்டையாக நிற்க மேலே நிமிர்ந்து படபடக்கிற வால் வேறு. இன்னொன்று, உறுமினால் ஒருபோதும் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமலை விட்டுவிடும், பயத்தை விடாது. அடுத்த முறை சொல்லாமல் கடிக்கும்.

இனி அந்த ஒன்பது நாள் வீடு. நீங்கள் அந்த இடத்துக்குத் திரும்பப் போகும்போது நன்றாக இருந்து கேட்க வேண்டியது இதைத்தான். பல் பட்டதா? தோல் கிழிந்ததா? ஒரு தரமா, பல தரமா? அந்த அண்ணர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவளைப் பட்டியில் பிடித்து இழுத்தாரா, சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கினாரா, சங்கிலியில் கட்டியிருந்த நாய்க்குக் கிட்டப் போனாரா? நாயின் வாய் மனிதன் கையைவிட வேகமானது. பிடிக்க நினைத்தால் பிடித்துவிடும். காற்றில் கடித்துவிட்டுப் பின்வாங்கியது என்றால், கடிக்காமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டாள் என்று அர்த்தம், எனக்கு அது நல்ல செய்தி. ஓட இடமில்லாத மூலையில் அல்லது சங்கிலியில் நடந்தது என்றாலும் விளங்கிக்கொள்ளலாம். ஓடக்கூடிய நாய் ஓடத்தான் பார்க்கும். ஆனால் தூரத்திலிருந்து துரத்தி வந்து கடித்தாள், அல்லது பல் ஆழமாக இறங்கிய காயம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று சொன்னார்கள் என்றால், உங்கள் வீட்டுக்கு அவள் வேண்டாம். பிள்ளை இல்லாத, அனுபவமுள்ள வீடொன்று அவளுக்குக் கிடைக்கட்டும். உங்கள் மனம் எவ்வளவு பதைத்தாலும் இந்த இடத்தில் நான் இறங்கி வர மாட்டேன்.

காரணம் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு குடும்பத்துக்கு, தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, "நல்ல நாய், எடுங்கள்" என்று நானே சொன்னேன். நாய் படுத்திருந்தபோது பிள்ளை அதன் மேல் போய் விழுந்தது. கன்னத்தில் நான்கு தையல். பிறகு விசாரித்தால், அதற்கு முந்திய இரண்டு கிழமையாக, பிள்ளை தவழ்ந்து வரும்போதெல்லாம் அந்த நாய் எழும்பி வேறு இடத்துக்குப் போய்ப் படுத்திருக்கிறது. ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பார்க்கச் சொல்லி நானும் சொல்லிவைக்கவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இந்தப் பேச்சை அரை மணித்தியாலம் பேசாமல் நான் ஒரு நாயையும் அனுப்புவதில்லை.

உங்கள் மகனுக்கு 8 வயது, சொன்னால் விளங்குகிற வயது, அது பெரிய ஆறுதல். கடிப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். பல் உள்ள எந்த நாய்க்கும் கடிக்க மாட்டாது என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். கடிக்க வேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுபோகாமல் இருக்க வழி உண்டு. அவள் படுத்திருந்தால் தொடக்கூடாது, தின்னும்போது கிட்டப் போகக்கூடாது, அவளுடைய மூலைக்குள் தலை நீட்டக்கூடாது. முகத்தோடு முகம் வைப்பதும் கட்டிப்பிடிப்பதும் எப்போதுமே வேண்டாம். இந்த வயதுப் பையன்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள், அதை முற்றாக நிறுத்த முடியாது, ஆகவே அவன் ஓடி விளையாடும் நேரத்தில் அவள் வேறு அறையில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கண் வைத்திராமல் இரண்டு பேரும் ஓரிடத்தில் இருக்கக் கூடாது. கண் வைத்திருப்பது என்றால் போனைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது இல்லை. அவள் அவனுக்குக் கிட்ட வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, பனைமரம் மாதிரி அசையாமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். இதை நாய் வர முதலே விளையாட்டாகப் பழக்குங்கள், நீங்களே நாலு காலில் நாயாக நடித்துப் பழக்கலாம். அப்புறம், அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். பின்னேரத்தில் உங்களுக்குப் பக்கத்தில் பாயில் இருந்து, அவளுக்கு முதுகுப் பக்கத்தையோ விலாப் பக்கத்தையோ காட்டிக்கொண்டு, தமிழ்ப் புத்தகத்தை மெல்லிய குரலில் வாசிக்கட்டும். இரண்டு பக்கத்துக்கு ஒரு தரம் ஒரு துண்டு மீனை அவள் பக்கம் உருட்டிவிடட்டும். சின்னப் பிள்ளையின் ஒரே சீரான குரல் பயந்த நாய்க்கு நல்ல மருந்து. அவனுக்கும் அந்த வருடம் வாசிப்பு திருந்தும், நீங்கள் ஆசிரியை, உங்களுக்குத் தெரியாததா.

மாமி சொல்வதில் ஒரு பாதி சரி. பயந்த நாயை மேலோட்டமாக நம்பக் கூடாது. ஆனால் குட்டி எடுத்தால் கரைச்சல் இல்லை என்பது சரியில்லை. குட்டி வளர்ந்து எப்படி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பிரவுணி எப்படிப்பட்டவள் என்று இப்போதே பார்த்துவிடலாம். குட்டி போடும் பயமும் இல்லை, காதில் சின்னதாக வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்தது என்று அர்த்தம், அதையும் பார்த்து வாருங்கள். மாமிக்கு நாய் என்றாலே பயமா, அல்லது பேரனை நினைத்துப் பயமா என்று ஆறுதலாக இருந்து கேளுங்கள். பேரனை நினைத்துத்தான் என்றால் நான் மேலே எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாய்க்கே பயம் என்றால் பொறுங்கள், வற்புறுத்தாதீர்கள். பகல் முழுதும் வீட்டில் இருக்கப்போவது அவதான். பயந்த நாயும் பயந்த மனுசியும் ஒரு வீட்டுக்குள் இருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி இராது.

மாமி சம்மதித்தால் அவவே உங்களுக்குப் பெரிய துணை. அந்த விளக்குமாற்று விஷயம் அவவின் கையில்தான் இருக்கிறது. நம்மூரில் விடிய ஐந்தரைக்கு முற்றம் கூட்டாத மாமிமார் இல்லை. பிரவுணிக்கு அந்தச் சத்தமும் அந்த ஈர்க்குக் கட்டும் நாள்தோறும் விடியலில் கேட்டால், நீங்கள் பகல் முழுக்கச் செய்ததெல்லாம் வீண். ஆகவே முதல் மூன்று கிழமை முற்றம் கூட்டுகிற நேரத்தில் அவள் உள்ளே, கதவு சாத்திய அறையில் இருக்கட்டும். அதற்கிடையில் வேறொரு நேரத்தில் பழக்கம் தொடங்குங்கள். விளக்குமாற்றை முற்றத்தில் தூரத்தில் நிலத்தில் கிடக்க விடுங்கள், ஒருவர் கையிலும் இருக்க வேண்டாம். அவள் அதைக் காண்கிறாள், ஆனால் இன்னும் மீனைத் தின்கிறாள் என்கிற தூரம் எதுவோ அங்கிருந்து தொடங்க வேண்டும். தின்ன மறுத்தால் நீங்கள் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னுக்குப் போங்கள். முதலில் விளக்குமாறு கண்ணில் பட வேண்டும், பிறகுதான் மீன். முறை மாறினால் மீனைக் கண்டாலே பயப்படப் பழகிவிடுவாள். நாலைந்து நாளில் அது கிடக்கிற இடத்துக்கு அவளே மோப்பம் பிடித்து வருவாள். பிறகு சுவரில் சாத்திவையுங்கள். பிறகு மாமி கதிரையில் இருந்து அதை மடியில் வைத்திருக்கட்டும், ஆட்டாமல். பிறகு நிலத்தில் ஒரு இழுவை, ஒரு துண்டு மீன், அவ்வளவுதான் அன்றைக்கு. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கட்டத்தில் இடறினால் முந்திய கட்டத்துக்குப் போவதில் வெட்கம் இல்லை. என்னிடம் வருகிற ஒரு வீட்டில் இப்படிப் பழக்கிய நாய், இப்போது கூட்டுகிற சத்தம் கேட்டால் முற்றத்துக்கு ஓடிவந்து இருந்து காத்திருக்கிறது, அந்த அப்பம்மாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

மீன் என்றால் அவித்த மீன், உப்பு, தூள், வெங்காயம் இல்லாமல், முள் எடுத்து. மலிவான சூடையோ கீரியோ போதும். அவித்த கோழியெலும்பு வேண்டாம், உடைந்து குடலைக் கிழிக்கும்.

கூட்டிவரும் நாளைப் பற்றி. அதற்கு முதல் நாலைந்து தரமாவது போய் அவளைப் பாருங்கள். கூப்பிட வேண்டாம், கை நீட்ட வேண்டாம், நிலத்தில் பக்கவாட்டில் இருங்கள். சாம்பல்தீவுப் பக்கத்தில் ஒரு கடற்தொழிலாளி ஐயா, கால் அறுந்து கிடந்த ஒரு பெட்டை நாயைத் தூக்கிவந்து என்னிடம் மருந்து கட்டினார். அது பதினொரு நாள் அவருடைய வள்ளத்துக்கு அடியில் இருந்து வெளியே வரவில்லை. அவர் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. பின்னேரம் பின்னேரம் வள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் இருந்து வலை பொத்துவார், எழும்பும்போது ஒரு பிடி சோறும் மீனும் வைத்துவிட்டுப் போவார். பன்னிரண்டாம் நாள் வலையின் மற்ற அந்தம் லேசாகப் பாரமானது போல இருந்ததாம். திரும்பாமலே பொத்திக்கொண்டிருந்திருக்கிறார். நாய் வலைமேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது. நான் புத்தகத்தில் படித்ததை அவர் படிக்காமலே செய்தார்.

ஆகஸ்ட் நல்ல காலம்தான். நீங்கள் வீட்டில் நிற்பீர்கள். மழையும் இடியும் தொடங்க இரண்டு மாதம் இருக்கும். கணவர் வர நாலு மாதம் இருக்கும். ஒரு குறை, கச்சான் காற்று. தகர வேலியோ தளர்ந்த யன்னலோ இருந்தால் அவள் வர முதல் இறுக்கிக் கட்டுங்கள், தகரம் ஒரு தரம் படாரென்று அடித்தால் போதும், சுவர் தாண்டிவிடுவாள். முதல் கிழமைகளில் நாய் காணாமல் போவதுதான் நான் அதிகம் கேட்கிற துக்கம். கேற்றைத் திறக்க முதல் அவள் எங்கே என்று பார்ப்பது மூன்று பேருக்கும் பழக்கமாக வேண்டும். கழுத்துத் தழும்புக்கு மேல் பட்டி போட வேண்டாம், நெஞ்சைச் சுற்றி மாட்டுகிற வார் வாங்குங்கள், அதில் போன் நம்பர் எழுதித் தையுங்கள். சங்கிலியில் கட்ட வேண்டாம். விறாந்தை மூலையோ உள்ளறையோ, ஒரு பக்கம் சுவர் இருக்கிற ஓர் இடத்தை அவளுக்கென்று கொடுங்கள், அங்கே ஒருவரும் அவளைத் தேடிப்போகக் கூடாது. முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம். அயலட்டை வந்து பார்க்கவும் வேண்டாம், இரண்டு கிழமை கழித்து வரட்டும். மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலும் பதறாதீர்கள், தண்ணீர் குடிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள். தண்ணீரும் குடிக்காவிட்டால் எனக்குப் போன் எடுங்கள்.

கடற்கரைக்குக் கூட்டிப்போக ஆசை வரும். இப்போதைக்கு வேண்டாம். விடிய அங்கே கட்டாக்காலி நாய்க் கூட்டம் இருக்கும், கரைவலை இழுக்கிற இடமென்றால் இருபது ஆம்பிளைகள் சாரத்தோடு கயிற்றைப் பிடித்து அம்பா பாடிக்கொண்டு நிற்பார்கள். நமக்கு அது கேட்கக் கேட்க ஆசை, அவளுக்கு அவள் பயப்படுகிற எல்லாமே ஓரிடத்தில். கோட்டைப் பக்கமும் பஸ் நிலையத்தடியிலும் மான்கள் திரிகிற ஊர் இது என்பதையும் நினைவில் வையுங்கள், வார் இல்லாமல் நாயை வெளியே விடக் கூடாது.

கணவர் வருவதுதான் உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன பெரிய விஷயம். நாலு மாதம் பெண்களும் பிள்ளையுமாக இருந்த வீட்டுக்குள் ஒரு ஆம்பிளை பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிறார், கூடவே சொந்தக்காரர். பாவம், வருகிறவருக்கும் அது சொந்த வீடு. இப்போதே அவரோடு பேசுங்கள். பின்னேரம் போன் எடுக்கும்போது ஸ்பீக்கரில் போட்டு, அவர் குரல் கேட்கிற நேரத்தில் பிரவுணிக்கு நல்ல சாப்பாடு கிடைக்கட்டும். வருகிற நாளில் அவள் உள்ளறையில், கதவு சாத்தி, மெல்ல ஒரு ரேடியோ பாடட்டும். சனம் கலைந்து வீடு அடங்கிய பிறகு சந்திக்கட்டும், முடிந்தால் அடுத்த நாள். அவர் கதிரையில் இருக்கட்டும், அவளைப் பார்க்கவும் வேண்டாம், பெயர் சொல்லவும் வேண்டாம். முதல் சில நாள் சாரத்துக்குப் பதில் காற்சட்டை போட்டால் இன்னும் நல்லது. மீன் துண்டை அவளுக்கு முன்னால் போடாமல், அவளுக்குப் பின்னால் விழும்படி எறியச் சொல்லுங்கள். இது முக்கியம். முன்னால் போட்டால், ஆசையில் கிட்ட வந்து, தின்று முடிந்ததும் 'ஐயோ, இவ்வளவு கிட்டவா வந்தேன்' என்று வெருண்டு அந்த நேரத்தில் கடிக்கக்கூடும். பின்னால் எறிந்தால் அவளுக்கு விலகிப் போகிற நிம்மதியும் மீனும் ஒன்றாகக் கிடைக்கும். நாலு தரம் விலகிப் போனவள் ஐந்தாம் தரம் தானாக ஓரடி கூட வருவாள். அந்த ஒரு மாதத்தில் அவர் தலையைத் தடவாமலே திரும்பிப் போனாலும் அது தோல்வி இல்லை. அவர் குசினிக்குள் வரும்போது எழும்பி ஓடாமல் படுத்திருந்தாள் என்றாலே அது பெரிய காரியம். அவர் நாயை அதட்டிப் பழக்குகிற ஆள் என்றால் மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், நான் அவரோடு போனில் பேசுகிறேன்.

மழைக்காலத்தில் இடி, மார்கழி 31ஆம் திகதி இரவு வெடி. இங்கே சட்டத்தை மீறி மீனுக்கு டைனமைட் அடிக்கிற சத்தமும் சில நேரம் கேட்கும். சத்தத்துக்கு உடம்பு எப்படிச் சுருங்கும் என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை, மாமிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அப்படி நடுங்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். அவளாக வந்து ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொள்ள விடுங்கள். வெடி நாளுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அசிப்ரோமசின் என்ற பழைய மருந்து உடம்பைத்தான் சோர வைக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். இப்போது பயத்தையே குறைக்கிற மருந்துகள் உண்டு, இரண்டு கிழமைக்கு முன்னமே வந்து பேச வேண்டும். பொதுவாகவே அவளுடைய பயம் மூன்று மாதத்திலும் அசையவில்லை என்றால் நாள்தோறும் கொடுக்கும் மருந்து ஒன்றையும் யோசிக்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரில் பார்க்கத்தானே போகிறேன். வலி இருக்கிற நாய் கடிக்கும், ஆகவே காது, பல், மூட்டு முதலில் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் நம்ம பக்கத்தில் மிகச் சாதாரணம், ஈறு வெளிறி, தின்னாமல் கிடந்தால் உடனே கொண்டுவாருங்கள், ஒரு இரத்தப் பரிசோதனை போதும். சொறிக்கும் உண்ணிக்கும் மண்ணெண்ணெயோ பழைய எஞ்சின் ஒயிலோ பூசச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தோல் வெந்து வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். பனடோலும் வேண்டாம். விசர்நாய்க்கடி நோய்க்கு வருடத்துக்கு ஒரு தரம் ஊசி, அரசாங்கத்தில் இலவசமாகப் போடுவார்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய்களைப் பதிவு செய்கிற சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள். என்றைக்காவது பல் பட்டு ஒரு கீறல் வந்தாலும், சின்னது என்று விடாமல், ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோப்பித்தூள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு ஒன்றும் வைக்க வேண்டாம். நாயைக் கொல்லவோ விரட்டவோ வேண்டாம், 14 நாள் கட்டாயம் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அந்த இடத்துக்காரரிடம் ஒரு ஒழுங்கு பேசிக்கொள்ளுங்கள். முதல் ஒரு மாதம் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது, சரிவராவிட்டால் அவர்கள் திரும்ப எடுப்பது என்று எழுத்தில் இருக்கட்டும். ஏற்கனவே ஒரு தரம் திரும்பி வந்த நாயை நானும் திருப்பிக் கொடுப்பதா என்று உங்களுக்கு நெஞ்சு அடைக்கும், தெரியும். ஆனால் திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்த வீட்டில்தான் சிக்கல் வரும்போது ஒளிக்காமல் சொல்வார்கள். வழி இல்லாத வீட்டில் நாயைச் சங்கிலியில் கட்டிப் பின்வளவில் விட்டுவிடுவார்கள்.

கூட்டிவந்தால், இரண்டாம் கிழமையில் என்னிடம் கொண்டுவாருங்கள், அதற்கு முதல் வேண்டாம். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கூட்டம் இருக்காது. உள்ளே கூட்டிவர வேண்டாம், கேற்றடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு எனக்கு எடுங்கள். அவித்த மீன் ஒரு பேணியில் கொண்டுவாருங்கள், மகனையும் கூட்டிவாருங்கள். முதல் நாள் ஊசி இல்லை. நான் வெளியே வந்து ஆட்டோவுக்குப் பக்கத்தில் நிலத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், அவ்வளவுதான்.